பாட்டு யாருக்குச் சொந்தம்?

சில வாரங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மாலை வேளையில் நம்மைக் காண வந்தார். மேலைநாட்டு இசையில் மிகுந்த ஈடுபாடு உடையவர். தம் தந்தையை இழந்த ஆண்டில் தமக்கு ஆறுதலாய் இருந்த ஆங்கிலப் பாடல் ஒன்று, இப்போது ஒரு வணிகப் பொருளின் விளம்பரத்தில் ஒலிப்பதைச் சொல்லி வருந்தினார். "சாமி, இதற்கெல்லாம் மனம் நோவது பைத்தியக்காரத்தனமா?" என்று கேட்டார். அன்று பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அதற்கு உரிய மறுமொழியைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பாடலைப் பாடகர் பாடி முடித்துவிடுகிறார். ஆனால் அது நிறைவு பெறுவது கேட்பவரின் வாழ்வில்தான். ஒருவருக்கு அது முதற்காதலின் நினைவு; மற்றொருவருக்கு மருத்துவமனையில் விழித்திருந்த இரவு. இவ்வாறு கேட்பவர் தம் வாழ்வின் ஒரு பகுதியைப் பாடலிடம் ஒப்படைத்து வைக்கிறார். இந்த ஒப்படைப்புக்குப் பத்திரம் இல்லை, சாட்சியும் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1968ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் 'ரெவல்யூஷன்' என்னும் பாடலை வெளியிட்டனர். வியட்நாம் போரும் மாணவர் கிளர்ச்சிகளும் உலகை உலுக்கிய ஆண்டு அது. புரட்சியை நாடுவோருடன் உரையாடி, அழிவுக்குத் துணைநிற்கத் தயங்கும் பாடல். அதை எழுதிய ஜான் லென்னன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1987இல் நைக்கி நிறுவனம் தன் காலணி விளம்பரத்தில் அக்குழுவினர் பாடிய மூல ஒலிப்பதிவையே பயன்படுத்தியது. ஒலிப்பதிவின் உரிமை கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது. பாடலின் உரிமையோ, 1985இல் ஏ.டி.வி. பதிப்பு நிறுவனத்தை 4 கோடியே 75 இலட்சம் டாலருக்கு வாங்கிய மைக்கேல் ஜாக்சனிடம் இருந்தது. இருபுறமும் அனுமதி பெறப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989இல் அவ்வழக்கு நீதிமன்றத்திற்கு வெளியே சமரசமாக முடிந்தது.

இந்த வழக்கில் எழுதியவர், பாடியவர், பதிவு செய்தவர், விலைக்கு வாங்கியவர் ஆகிய அனைவருக்கும் இடமிருந்தது. அந்தப் பாடலோடு இளமையைக் கழித்த கோடிக்கணக்கானோருக்கு இடமில்லை. வேறொரு வழக்கையும் ஈண்டு நோக்குவோம். விளம்பரங்களுக்குப் பாட மறுத்துவந்த அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் குரலைப் போலவே மற்றொருவரைப் பாடவைத்து, 1988இல் ஒரு தின்பண்ட விளம்பரம் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்மாதிரியாக அமைந்ததோ, விளம்பரக்காரர்களின் வாய்வீச்சையே எள்ளி நகையாடிய அவருடைய பாடல்! அவர் வழக்காடி வென்றார். 20 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆக, பாடகரின் குரலைக் காக்கச் சட்டம் உண்டு. கேட்பவரின் நினைவைக் காக்கச் சட்டம் இல்லை, இருக்கவும் இயலாது.

சட்டம் இல்லாத இடத்தில் காயமும் இல்லை என்று சொல்லலாமா? இதற்கு ஜானிஸ் ஜோப்லினின் பாடல் ஒன்று விடை தருகிறது. 1970 அக்டோபர் 1 அன்று, இசைக்கருவிகள் ஏதுமின்றித் தம் குரலாலும் கால்தட்டலாலுமே அவர் 'மெர்சிடிஸ் பென்ஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தார். மூன்றே நாள்களில், 27ஆம் வயதில் இறந்துபோனார். அப்பாடல் ஒரு மன்றாட்டின் வடிவில் அமைந்தது. ஆண்டவரிடம் முதலில் ஒரு கார் கேட்கப்படுகிறது. பின்னர் வண்ணத் தொலைக்காட்சி. பின்னர் ஓர் இரவின் கேளிக்கை. இறைவனைக் கடைக்காரராக்கிவிடும் மனித மனத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய பாடல் அரிது. நம் நவநாள் விண்ணப்பங்களிலும் இச்சாயல் உண்டு என்பதை அறிந்தவர், இதைக் கேட்டுச் சிரித்தபின் சிறிது நாணவும் செய்வர்.

1995இல் அதே கார் நிறுவனம் அதே பாடலைத் தன் விளம்பரத்தில் ஒலிக்கச் செய்தது. நகையாடப்பட்டவரே நகைப்பை விலைக்கு வாங்கிக்கொண்டார். பாடலின் பொருளை மாற்றச் சொற்களைத் திருத்த வேண்டிய தேவையே எழவில்லை. ஒலிக்கும் இடத்தை மாற்றியதே போதுமானதாயிற்று. நிறுவனம் தன்னைத்தானே நகையாடிக்கொண்டது, அதில் தவறென்ன என்று கேட்போரும் உண்டு. ஆனால் அந்த நகைப்பின் முடிவில் விற்பனைக்கு நின்றது காரே அன்றோ! மறுத்துச் சொல்ல ஜோப்லினும் உயிரோடு இல்லை.

எனினும் நாம் ஒருபக்கம் சாய்ந்துவிடலாகாது. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் மூன்று இசைத்தொகுப்புகளை வெளியிட்டும் பெரும்பாலும் அறியப்படாதவராகவே 1974இல், 26ஆம் வயதில் மறைந்தார். 1999இல் வெளியான ஒரு ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில், 1972ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய 'பிங்க் மூன்' ஒலித்தது. நிலவொளியில் காரில் செல்லும் இளைஞர் நால்வர் ஒரு கேளிக்கை விருந்தின் வாயில்வரை சென்று, உள்ளே நுழையாமல் வந்த வழியே திரும்புகின்றனர். பாடலின் அமைதியைக் குலைக்காத காட்சி அது. அதன்பின் டிரேக்கின் இசைத்தட்டுகள் பன்மடங்கு விற்றன. அவர் வாழ்ந்த நாளில் கிட்டாத செவிகள் அவர் குரலுக்குக் கிட்டின. இதையும் இழிவென்று தள்ளுவோமானால், முன்னரே கேட்டவர் என்ற செருக்கே நம்மைப் பேசவைக்கிறது என்று பொருள்.

ஆகவே பணம் கைமாறிற்றா என்பது நம் அளவுகோல் ஆகாது. பாடகருக்கும் பசி உண்டு. அவர் குடும்பத்திற்கும் உண்டு. பாடல் தனக்கு எதிராகவே பேசவைக்கப்பட்டதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. 'பிங்க் மூன்' அந்த விளம்பரத்தில் தன் இயல்போடு நின்றது. 'மெர்சிடிஸ் பென்ஸ்' தன்னையே மறுதலிக்கப் பணிக்கப்பட்டது. 'ரெவல்யூஷன்' காலணிக்கு ஓர் அடைமொழியாகச் சுருங்கிற்று. இந்த வேறுபாட்டை உணரும் ரசிகரின் வருத்தம் பைத்தியக்காரத்தனம் அன்று, அது நுண்ணுணர்வு.

ஆனால் அந்த வருத்தம் உடைமை உணர்வாகத் திரிந்துவிடக் கூடாது. அன்பு செலுத்தியதாலேயே ஒன்று நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. பிள்ளைகளை வளர்த்தோர் இதை நம்மினும் நன்கு அறிவர். பாடல் நமக்குத் தந்ததை எந்த நிறுவனமும் திரும்பப் பெற இயலாது. அதைக் கைவிட வல்லவர் நாம் மட்டுமே. விளம்பரத்தைக் கேட்டு வெறுப்புற்றுப் பாடலையே விலக்கி வைப்போமானால், அந்த விற்பனையை முற்றுப்பெறச் செய்பவர் நாமே ஆவோம்.

அந்த இளைஞர் மீண்டும் வருவார். விளம்பரத்தில் அரை நிமிடமே ஒலிக்கும் அப்பாடலை, ஓர் இரவு தனித்திருந்து முதலிலிருந்து முடிவுவரை தம் தந்தையை நினைந்து கேட்குமாறு அவரிடம் சொல்வோம்.