குறிஞ்சியின் காலமும் உண்ணிச்செடியின் காலமும்

நம் மலை எழுத்தில் காலம் என்றால் குறிஞ்சிதான். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ அதற்கு நல்ல உதாரணம். நீலகிரிப் படகர்களின் கதையை அவர் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்கிறார். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் நடுவே தானியம் விளைந்த நிலம் தேயிலைக்குப் போகிறது, காசு வருகிறது, உறவுகள் குலைகின்றன. 1960களில் இப்படி ஒரு கட்டுமானத்தை யோசித்தது பெரிய விஷயம்.

பின்னால் வந்த பலர் அந்த நாவலிலிருந்து கடிகாரத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் புகார். மலை மாறிவிட்டது என்று சொல்லணுமா? குறிஞ்சி இல்லை என்று ஒரு வரி எழுது, முடிந்தது. இழப்பு என்றால் வெற்றிடம் என்று நமக்கு ஒரு பழக்கம். ஆனால் மலைச்சரிவு வெறுமையாக இருப்பதில்லை. அங்கே வேறொன்று வந்து நிரம்புகிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். 2022இல் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது தேனிப் பக்கத்திலிருந்து இந்த வழியாகத்தான் போனோம். கார் முழுக்க நீலப் பூவைப் பற்றியே பேச்சு. சாலையோரம் மஞ்சளும் ரோஸுமாய்ப் பூத்துக் கிடந்த உண்ணிச்செடியை யாரும் படமெடுக்கவில்லை. அது எப்பவும் இருப்பதுதானே.

அந்த ‘எப்பவும்’தான் பிரச்சினை. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்க்ரிப்ட் என்றால், உண்ணிச்செடி பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் ப்ராசஸ். ஈரமும் வெயிலும் கிடைத்தால் வருஷம் முழுக்கப் பூக்கும். கறுத்த பழத்தைக் குருவிகள் தின்று விதையைப் பரப்பும். மேலோடு வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இலையைத் தின்ற மாட்டுக்கு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல், சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில், அது இருப்பதாகச் சொல்கிறது. இதில் கதைத்தருணம் என்று எதைப் பிடிப்பது? திருவிழா இல்லை, காத்திருப்பு இல்லை. குறிஞ்சி நாவலுக்கு அத்தியாயம் பிரித்துக் கொடுக்கிறது. இந்தச் செடி எதையும் பிரித்துக் கொடுக்காது.

எழுதுகிறவர்களும் சட்டென்று ‘வந்தேறி’ என்ற சொல்லைத் தூக்குகிறார்கள். எனக்கு ஒவ்வாத சொல். தினமும் விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்கு ஜீப்பில் நெருக்கியடித்து மாநில எல்லையைத் தாண்டிப் போகும் பெண்களை அந்தப் பாதையில் பார்த்தவர்கள், அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகப் போடமாட்டார்கள். செடியியலிலும் அது தப்பு. காபியும் தேயிலையும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் நட்ட இடத்தை விட்டு இப்படிக் காட்டுக்குள் பாய்வதில்லை. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். யார் கொண்டுவந்தார்கள், யார் மரத்தை வெட்டி வெயிலைத் திறந்துவிட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். அடர்ந்த நிழலில் உண்ணிச்செடி செழிக்காது. வெட்டவெளியும் சாலையோரமும்தான் அதற்கு வாசல். (இன்னும் உயரத்தில், குறிஞ்சி வளரும் புல்வெளிகள் பலவற்றைத் தின்றது உண்ணிகூட இல்லை, அரசாங்கமே நட்ட வாட்டில் மரம். அது தனிக் கதை, அதையும் யாராவது எழுதணும்.)

எழுத்தாளர்களை முந்திக்கொண்டவர்கள் சிற்பம் செய்கிறவர்கள். கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக் குச்சிகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து, நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். 2024இல் அந்த யானைக்கூட்டம் நியூயார்க் வரைக்கும் போய் நின்றது. அந்த யானைகளில் எனக்குப் பிடித்தது, குச்சிகள் குச்சிகளாகவே தெரிவது. தும்பிக்கையைப் பார்க்கும்போதே, எது அதன் காட்டை அடைத்ததோ அதுவும் கூடவே கண்ணில் படுகிறது.