தரவரிசை சொல்லாத தகுதி

ராஜபாளையம் நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து இருமலோடு வருபவருக்கும், சத்திரப்பட்டி விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டி ஓட்டிக் கால் வீங்கியவருக்கும், செண்பகத்தோப்பிலிருந்து காய்ச்சலோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவரப்படும் பளியர் குழந்தைக்கும் முதலில் வேண்டியது ஒரே ஆள்தான்: எல்லா நோயையும் ஓரளவு அறிந்து, வீட்டு நிலையும் வேலையும் விசாரித்து, எதைத் தானே பார்ப்பது, எதை மதுரைக்கு அனுப்புவது என்று பிரித்தறியும் மருத்துவர். அதற்கென்றே குடும்ப மருத்துவம் என்ற மேற்படிப்பு இருக்கிறது. எம்.டி., டி.என்.பி. தவிர, 2020-இல் தேசியத் தேர்வு வாரியம் இரண்டாண்டு டிப்ளமோவும் தொடங்கியது. இவற்றுக்கான வாசல் முதுநிலை நீட்: 200 கேள்விகள், 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம்.

இந்தத் தேர்வின் பெரிய பலம், கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாக இருந்த சேர்க்கையையும் அதில் புகுந்த சிபாரிசையும் ஒடுக்கியது. அந்தப் பலனை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் திறன், தெளிவற்ற புகாரோடு வருபவரைப் பொறுமையாகக் கேட்கும் திறன் ஆகாது. கவுன்சலிங்கில் முன்வரிசைக்காரர்கள் கதிரியக்கம், தோல், பொது மருத்துவம் என்று எடுத்துச் செல்ல, பலருக்குக் குடும்ப மருத்துவம் வேறு வழியில்லாத தேர்வாகிவிடுகிறது. 2023-இல் காலியிடங்களை நிரப்புவதற்காகக் கட்-ஆஃப் பூஜ்ய பெர்சென்டைலுக்கு இறக்கப்பட்டது. தேர்வெழுதிய எவரும் சேரலாம் என்ற நிலை. இந்தக் கட்-ஆஃப்தான் தகுதியின் எல்லைக்கோடு என்று அதன்பின் வாதிடுவது கடினம்.

தமிழ்நாட்டிடம் இதற்கு ஒரு மாற்று மருந்து பல காலமாக இருக்கிறது. பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு மாநில இடங்களில் பாதியை ஒதுக்கும் 'சர்வீஸ் கோட்டா'வைச் சொல்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளால் இது முடங்கியபோது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் வழக்காடியது; 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கிராம, கடினப் பகுதிப் பணிக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதமாக, முப்பது சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தரும் ஏற்பாடும் இதே நோக்கமுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் நின்றவர், எந்த வினாத்தாளும் கேட்காத ஒன்றை நிரூபித்திருக்கிறார். குறை எங்கே என்றால், அந்தச் சேவைக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணே கிராமத்தைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் ஏணியாகிறது. சேவை செய்தவர் கதிரியக்க நிபுணராவார். அவர் விட்டுவந்த நிலையத்துக்கு மீண்டும் அனுபவமில்லாத ஒருவர் வருவார்.

அப்படியானால் நேர்காணல் வைக்கலாமே என்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) சேவை மனத்தைப் பார்த்துத் தானே ஆள் தேர்ந்தெடுத்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கும் நீட் கட்டாயம் என்றது. அந்த நிறுவனத்தின் ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தால், பேச்சும் உடையும் சாதியும் அந்த அறைக்குள் நுழைவதைத் தடுக்க முடியாது. பிரிட்டனும் குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு நடத்திவந்த நேரடித் தேர்வு மையங்களைப் பெருந்தொற்றுக் காலத்தில் கைவிட்டு, கணினித் தேர்வை மட்டும் வைத்துக்கொண்டது. ஆனால் அதில் பாதி, பணியிடச் சிக்கல்களில் எது முறையான நடத்தை என்று கேட்கும் தாள். அதற்கும் பயிற்சி மையங்கள் முளைக்கும் என்பது உண்மை. ஆயினும், கேட்கவே படாத திறனை எவரும் வளர்த்துக்கொள்ளப் போவதில்லை.

நான் கோருவது இது: சர்வீஸ் கோட்டாவுக்குள் குடும்ப மருத்துவத்துக்குத் தனிப் பங்கு, அதில் ஆரம்ப சுகாதார நிலையப் பணிக்குக் கூடுதல் மதிப்பு, 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியை மையமாக்கி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் சுழற்சிப் பயிற்சி. படித்து முடித்தவருக்கு நிபுணருக்குரிய ஊதியமும் பதவியும் இல்லாவிட்டால் யார் வருவார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே, ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் அந்தப் பணியிடத்தை அரசாணையால் உருவாக்க வேண்டும்.