அடுப்படியும் அறுவடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வண்டி ஏறி ஒரு குழந்தை இறந்தால், அந்தச் சக்கரத்துக்கு விலை மதிப்பார்கள். உயிரைப் பறித்த பொருளை அரசுக்குச் சேர்க்கும் ‘டியோடாண்ட்’ என்ற பழஞ்சட்டம் 1846 வரை அங்கே இருந்தது. மரண விசாரணை அதிகாரி ஊராரில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் ஜூரியாகக் கூட்டுவார். பெரும்பாலும் உள்ளூர் மதுவிடுதிதான் விசாரணை மன்றம். சடலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, சக்கரமோ குதிரையோ இன்ன விலை பெறும் என்று முடிவு செய்வார்கள். நின்ற வண்டியிலிருந்து விவரம் அறியாத குழந்தை விழுந்து இறந்தால் பறிமுதல் இல்லை, பெரியவர் விழுந்தால் உண்டு என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் விளக்கியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கம் பார்த்த சட்டம், அந்த நேரத்தில் குழந்தையின் தாய் எந்த வயலில் குனிந்திருந்தாள் என்பதைப் பொருட்படுத்தவில்லை.

வரலாற்றாய்வாளர்களும் நெடுநாள் அதைக் கேட்கவில்லை. பழங்காலப் பெற்றோருக்குக் குழந்தையிடம் பெரிய ஒட்டுதல் இல்லை என்ற பேச்சு, 1960இல் வந்த பிலிப் அரியேஸின் நூலைத் தொட்டுக் கிளம்பியது. 1977இல் லாரன்ஸ் ஸ்டோன் அதை இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு விரித்தார். 1983இல் லிண்டா பொல்லாக் நாட்குறிப்புகளைத் திரட்டி மறுத்தார். நல்ல மறுப்புதான். ஆனால் நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு எழுத்தும் ஓய்வும் வாய்த்தவர்கள் யார்? கூலி உழவனின் துக்கம் அந்தப் பக்கங்களில் ஏறியிருக்காது. பாசம் இருந்ததா இல்லையா என்ற இந்த வழக்காடலே எனக்கு வீண் என்று படுகிறது. பதிவேடுகள் பாசத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. வேலைக்குச் சொல்கின்றன.

அதை எடுத்துக்காட்டியவர் வரலாற்றாய்வாளர் பார்பரா ஹனவால்ட். அவருடைய 1986ஆம் ஆண்டு நூல் இடைக்கால இங்கிலாந்தைப் பற்றியது என்றாலும், பிற்கால விபத்துகளைப் படிக்கவும் அவருடைய முறை வழிகாட்டும். மரண விசாரணைச் சுருள்களில் இடம், நேரம், வயது மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். நடை பழகிய பெண் குழந்தைகள் அடுப்பங்கரையில் தாயின் வேலையருகே அடிபட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்கு வெளியே அபாயம். பெற்றோரின் வேலைப் பங்கீடு அப்படியே பிள்ளைகளின் சாவிலும் இறங்கியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரமும் வந்து சேர்ந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளைக்கும் வாய்க்கும் காப்பு போட வேண்டும் என்று 1878இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் சிறுவர்கள் மாடு மேய்த்ததையும் ஏர் ஓட்டியதையும் எலியட் வெஸ்ட், பமேலா ரைனி-கெர்பெர்க் இருவரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்தால் விளையாட்டுக்கும் வேலைக்கும் நடுவே கோடு போடுவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஊர் நினைவு வைத்துக்கொள்வதிலும் பாரபட்சம் உண்டு. பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டு மாவட்டத்தில் 1856இல் காட்டில் தொலைந்து இறந்த இரு சகோதரர்களுக்கு, ஐம்பது ஆண்டு கழித்து நினைவுத்தூண் எழுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் காணாமல் போகும் பிள்ளை ஓவியப் பொருளாகவே ஆனது. மெக்கபின் 1886இல் வரைந்த ‘தொலைந்தவள்’ புகழ்பெற்றது. ஊரே திரண்டு தேடிய சாவுகள் இவை. சோப்பு காய்ச்சும் கொப்பரையில் விழுந்த குழந்தைக்கு யார் தூண் நடுவார்கள்?

அந்தச் சாவுகளைத் தேட அமெரிக்காவில் வேறொரு ஏடு இருக்கிறது. 1850 முதல் 1880 வரை, பத்தாண்டுக்கொரு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு முந்தைய ஓராண்டின் மரணங்களையும் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். பலவும் விடுபட்ட பட்டியல்தான். 1850இல் எத்தனை நாள் நோய்ப்பட்டார் என்று ஒரு கட்டம் இருந்தது. விபத்தானால் அதில் ‘திடீர்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

தென் மாநிலங்களின் பட்டியலில் அடிமைப் பெண்களின் கைக்குழந்தைகள் பெயருக்கு நேரே ‘மூச்சுத் திணறல்’ என்ற காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. அசதியில் தாய் புரண்டு படுத்து நசுக்கிவிட்டாள் என்பதே அதன் பொருள். தோட்ட முதலாளிகள் அதை அவளுடைய அசட்டை என்றார்கள். வேண்டுமென்றே கொன்றாள் என்றவர்களும் உண்டு. 1975இல் டாட் சாவிட், இவற்றில் பல இன்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்ச் சிசு மரணமாக இருக்கலாம் என்றார். 1981இல் மைக்கேல் ஜான்சன் ஒரு படி மேலே போனார்: கர்ப்ப காலத்தில் வாங்கிய கடும் வேலைதான் அந்தக் குழந்தைகளைப் பலவீனமாகப் பிறக்கவைத்தது என்பது அவர் வாதம். நூறாண்டு கழித்து நோய் கணிப்பதில் சறுக்கல் வரலாம். சில குழந்தைகள் உண்மையிலேயே நசுங்கியும் இறந்திருக்கலாம். ஆனாலும் இத்துறையில் நான் மிக மதிக்கும் வாதம் இதுவே. தாயின் தூக்கத்தின் மேல் இருந்த குற்றச்சாட்டை அது வயலுக்கு நகர்த்தியது. 1984இல் ஜான் கேம்பெல் அந்த வயலின் கணக்கையே எடுத்துக்கொண்டு, கர்ப்பிணிகளின் வேலையையும் சிசு மரணத்தையும் இணைத்து ஆராய்ந்தார். அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை: யார் எந்த நாளில் எத்தனை பவுண்டு பருத்தி பறித்தார்கள் என்று தோட்ட முதலாளிகளே எழுதிவைத்திருந்தார்கள்.