புருவக்காட்டு வாத்தியார்

1924இல் அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறியபோது பால் பெட்சோல்ட்டுக்கு வயது 16. காலில் கௌபாய் பூட்ஸ்! பாறைக்கு அதைவிட மோசமான காலணி கிடையாது. 1938இல் கே2 மலையில் ஏறத்தாழ 26,000 அடியைத் தொட்டார்.

ஆனால் இந்தப் புதர்ப் புருவக்காரரின் பெருமை ஏறியதில் இல்லை, ஏற்றிவிட்டதில்தான்.

1965இல் வயோமிங்கின் லேண்டர் ஊரில் வெளிப்புறத் தலைமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சாகசத்தைவிட நிதானத்தையே அதிகம் சொல்லிக்கொடுத்தார்: மூச்சின் தாளத்துக்கு அடியெடுத்து வை, இரைத்தால் வேகம் தப்பு. மலையேற்றத்தில் இத்தனை சுவாரசியமற்ற பாடம் வேறில்லை. இத்தனை பயனுள்ளதும் இல்லை.

அவரே 76 வயதிலும் கிராண்ட் டீட்டன் ஏறினார். அவருடைய பள்ளியின் ஆரம்பகால மாணவர்களுக்குக் கிடைத்தவையோ ராணுவம் கழித்த பழைய கம்பளி உடைகள்தான். வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைகளில் ஒரு மாதம் அவற்றோடுதான் திரிந்தார்கள்.