சி மொழியில் எஃப்ரைட்டும் முழு எண்களும்
சி நிரலாக்க மொழியில் முழு எண்களை இரும வடிவில் கோப்பில் எழுதுவதைப் பல பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. மாறியின் முகவரி, அதன் அளவு, எண்ணிக்கை, கோப்புச் சுட்டி ஆகிய நான்கையும் எஃப்ரைட் செயற்கூறுக்குக் கொடுத்தால் எண் சேமிக்கப்பட்டுவிடும் என்பதே பாடம். அதே கணினியில் அதே நிரல் திரும்பப் படிக்கும்போது சரியான எண்ணே கிடைக்கிறது. மாணவர்கள் சோதிப்பதும் அவ்வளவுதான் என்பதால் குறை வெளியே தெரிவதில்லை.

உண்மையில் எஃப்ரைட் எண்ணை எழுதுவதில்லை. நினைவகத்தில் உள்ள பைட்டுகளை இருந்தவாறே நகலெடுக்கிறது. 4 பைட்டு இண்ட் மாறியில் உள்ள 1000 என்ற எண், இன்டெல் வகைச் செயலிகளில் 232, 3, 0, 0 என்ற வரிசையில் இருக்கும். உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைக்கும் ஐபிஎம் பெருங்கணினியில் அக்கோப்பைப் படித்தால் -402456576 கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. இவ்விரு வரிசைகளுக்கும் டானி கோஹென் 1980இல் சூட்டிய லிட்டில் எண்டியன், பிக் எண்டியன் என்ற பெயர்கள், கலிவரின் பயணங்களில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிடுவோரிடமிருந்து வந்தவை.

அளவும் சிக்கலே. டாஸ் காலத்து டர்போ சியில் இண்ட் 2 பைட்டு. அதில் அடுத்தடுத்து எழுதப்பட்ட 1, 2 ஆகிய எண்களை இன்றைய 4 பைட்டு இண்ட் 131073 என்ற ஒரே எண்ணாகப் படிக்கும்.

விண்டோசில் நேரும் பிழை இன்னும் நயவஞ்சகமானது. கோப்பை இரும முறையில் திறக்காமல் உரை முறையில் திறந்தால், 10 என்ற மதிப்புள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 13 செருகப்படும். எனவே 10 என்ற எண் 5 பைட்டுகளாகிவிடும். இரும முறையில் படிக்கும்போது 2573 வரும். 10 மதிப்புள்ள பைட்டு வராதவரை நிரல் ஒழுங்காகவே ஓடும்.

பழியை எஃப்ரைட் மீது மட்டும் போடுவது முறையல்ல. தற்காலிகக் கோப்பொன்றில் பெரிய அணியை எழுதி, அதே நிரல் திரும்பப் படிப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை. குறை நூலகத்தில் இருக்கிறது. ஜாவாவின் டேட்டா அவுட்புட் ஸ்ட்ரீம் எந்தக் கணினியிலும் இண்ட்டை 4 பைட்டுகளாக, உயர்மதிப்புப் பைட்டு முதலாக எழுதுகிறது. சியின் 1989, 1999 செந்தரங்களில் இதற்கு இணையான செயற்கூறு இல்லை. 1999இல் வந்த நிலையான அளவுள்ள முழு எண் வகைகள் அளவுச் சிக்கலைத் தீர்த்தன. வரிசைச் சிக்கல் அப்படியே நின்றது.

ஆகவே அந்த வேலை நிரலரிடம் வருகிறது. குறியில்லா 32 பிட்டு எண்ணை 24, 16, 8, 0 பிட்டுகள் வலப்பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கடைசி 8 பிட்டுகளை மட்டும் புட்சி மூலம் எழுதினால் எந்தக் கணினியிலும் ஒரே கோப்பு உருவாகும். பிஎன்ஜி படக்கோப்பு இவ்வரிசையையே கேட்கிறது. பிஎம்பி இதற்கு நேரெதிர். நான்கே வரிகள்தான். பாடநூல்கள் இவற்றைத் தவிர்ப்பதற்கு இடப்பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது.

திரும்பி வரும் மதிப்பைச் சோதிப்பதும் அரிதாகவே கற்பிக்கப்படுகிறது. எஃப்ரைட் எழுதிய உறுப்புகளின் எண்ணிக்கையைத் தருகிறது. ஆனால் தரவு முதலில் இடையகத்தில் தங்குவதால், வட்டு நிரம்பியது எஃப்குளோஸ் அழைக்கும்போதுதான் தெரியவரலாம். அதன் விடையையும் பார்க்காத நிரல், பாதிக் கோப்பை எழுதிவிட்டு வெற்றி என்று அறிவிக்கும்.