சீட்டுக்கு அடியில் எஞ்சின்

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்போடு வரும் கேம்பர் வேனையே அன்றாட வண்டியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் அந்த வேலையைப் பார்த்தது மாருதி ஆம்னி. 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்தது. ஜப்பானின் சுசுகி கேரிதான் மூலம். நீளம் ஏறக்குறைய மாருதி 800 அளவே. 796 சிசி எஞ்சினை முன்சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். பின்னால் கிடைத்த இடம் இருக்கிறதே, அதுதான் மொத்த சாமர்த்தியமும்.

காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியம் நெல் மூட்டை, இன்னொரு நாள் விருத்தாசலத்திலிருந்து வைக்கோலில் பொதிந்த பீங்கான் பொம்மைகள். பின்சீட்டை மடித்துப் பாயை விரித்தால் படுக்கை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படும்போது கூடவே போகிற குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? பெரியவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பக்கக் கதவு நகர்ந்து திறப்பதால் நெருக்கமான கடைத்தெருவில் யார் மேலும் இடிக்காது. சினிமாவில் ஆள் கடத்துகிறவர்களுக்கும் அந்தக் கதவுதான் பிடித்துப்போனது. பாவம், வண்டி!

கோடையில் சீட்டு சுடும். முன்னால் மூக்கே கிடையாது. மோதினால் முதல் அடி ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு. பாதுகாப்பு விதிகள் இறுகியதும் 2019-இல் தயாரிப்பு நின்றது. நியாயம்தான். 2010-இல் மாருதியிலிருந்தே வந்த ஈக்கோ வேன் இன்னும் ஓடுகிறது; பெரியது, நல்ல வண்டி. எனக்கு என்னவோ அதன் மூக்கு பிடிக்கவில்லை.