பூசாத பக்கச் சுவர்

சமீபத்தில் ஒரு கல்யாணத்திற்காகக் கரையாம்புத்தூர் போயிருந்தேன். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது. புதுவையிலிருந்து போகிறவன் எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். விளம்பரப் படங்களில் வரும் மஞ்சள் சுவர்களும் பிரெஞ்சுத் தெருப் பெயர்களும் இந்தப் பக்கத்தில் கிடையாது. வயலும் வாய்க்காலுந்தான் உண்டு. ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால், இவ்வூர்க்காரரும் "பாண்டிச்சேரி" என்றுதான் சொல்லியாக வேண்டும். கேட்டவர் உடனே கடற்கரைச் சாலையை நினைத்துக்கொள்வார்; இல்லாவிட்டால் மதுக்கடையை நினைத்து ஒரு மாதிரியாகச் சிரிப்பார்.

கல்யாண வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு என் கவனத்தைக் கவர்ந்தது. முகப்புக்கு மூன்று வர்ணம். தூண்களுக்குப் பளபளக்கும் டைல்ஸ். மாடிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய். சற்றே நகர்ந்து சந்தில் திரும்பினேன். அதே வீட்டின் பக்கச் சுவர் செங்கல் தெரிய, பூச்சே காணாமல் நின்றது. முழங்கால் உயரத்தில் அழுக்காக ஒரு கோடு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததே, அந்த வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு அது. முகப்பில் அந்தக் கோடு இல்லை. வர்ணம் அதை விழுங்கிவிட்டது.

நான் சுவரைப் பார்ப்பதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"முன்பக்கத்துக்கே கடனாயிடுச்சு சார். பொண்ணுக்கு வரன் பாக்கறோம். வர்றவங்க வாசல்லதானே வந்து நிக்கிறாங்க, சந்துல வந்தா பாக்கப் போறாங்க?"

"மழை பெய்தால் சுவர் ஊறாதா?"

"ஊறும். அது உள்ள இருக்கற நமக்குத்தானே தெரியும்!"

இப்படிப்பட்ட வீடுகளை நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். இதை வைத்துக்கொண்டு இந்தக் கால மனிதனின் பகட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிடுவது சுலபம். ஊர் திரும்பியதும் அப்படி ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் கூச்சமாகிவிட்டது. எழுத்தாளன் பஸ்ஸில் வந்து இறங்கினால் நன்றாயிராது என்று, அந்தக் கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனவன் நான். மேலும், அந்த மனிதர் வர்ணம் பூசியது தம் கண்ணுக்காகவா? வாசலில் வந்து நிற்கிற நம் கண்ணுக்காக. முகப்பைப் பார்த்துப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் துணிகிற நாம், முகப்பு கட்டுகிறவனைப் போலி என்று சொல்வது எந்த நியாயம்? பொய்யில் பாதி பார்க்கிறவனுடையது.

முகப்பு விவகாரம் நம் காலத்தில் முளைத்ததும் அன்று. இதே புதுச்சேரியில் 1750 டிசம்பரில் ஒரு பெரிய விழா நடந்தது. முசாபர் ஜங்கைத் தக்காணத்து நிஜாமாக அமர்த்திய விழா. கவர்னர் டூப்ளே நவாபுகளைப் போல உடுத்திக்கொண்டு அதில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே முசாபர் ஜங் கொல்லப்பட்டார். 1754-இல் டூப்ளேயைப் பிரான்சுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள். 1763-இல் பாரிசில் அவர் இறந்தபோது கடனும் வழக்குகளுமே மிச்சம்.

அந்த ஆடம்பரத்துக்கெல்லாம் அருகிலேயே ஒரு தமிழர் நின்றுகொண்டிருந்தார். தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய மாளிகை இன்றும் புதுவையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத் தூண்கள்; மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டு முகம்! கவர்னருக்கு முன்னால் முகமன் சொல்லத் தெரிந்தவர் அவர். பதவியும் வியாபாரமும் நிலைக்க வேண்டுமானால் வேறு வழியும் இல்லை. ஆனால் 1736-லிருந்து 1761-இல் தாம் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, சாதிச் சண்டை, ஊர் வம்பு, கவர்னரின் மனைவி எதிலெல்லாம் தலையிட்டார் என்ற கசப்பு எல்லாம் அதில் உண்டு. பேசுகிற தமிழில், பாரசீகமும் பிரெஞ்சும் கலந்து கிடக்கிறபடியே எழுதினார். தம்மைப் பிறர் புகழ்ந்ததையும் விடாமல் குறித்துக்கொண்டவர்தான், மகான் அல்லர். இருந்தாலும் பகலில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அது அவருடைய பூசாத பக்கச் சுவர். அந்தக் காலத்து வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று நமக்குத் தெரிவது அந்தச் சுவரிலிருந்துதான்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. பிள்ளையவர்களைவிட அதிகமாக நாம் நம்மைப் பற்றி எழுதுகிறோம். சாப்பிட்ட இலையிலிருந்து அழுத கண்ணீர்வரை எழுதிப் படமும் சேர்த்து அந்த நிமிஷமே ஊருக்குக் காட்டிவிடுகிறோம். பிறருக்குக் காட்டுவதற்கென்றே எழுதுகிற நாட்குறிப்பு இது. ஆகவே அதுவும் முகப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. வேஷம் போடுவது மனிதனுக்குப் பழைய வழக்கம். வேஷத்தைக் கலைத்து வைக்க ஓர் அறைகூட இல்லாமற் போனதுதான் புதிய கஷ்டம்.

அந்த அறையாகக் கதை இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். நம் நல்ல கதைகள் சில அப்படி இருந்திருக்கின்றன. புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' பெயரிலேயே முகப்பை வைத்துக்கொண்டு, நம்மைச் சந்துக்குள் அழைத்துக்கொண்டு போகிறது. நோயாளிக் கணவனுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஒருத்தி என்ன விலை கொடுக்கிறாள் என்று காட்டுகிறது. கடைசியில் ஆசிரியர் வாசகனைப் பார்த்து விரல் நீட்டுவது எனக்குச் சற்று அதிகமாகப் படும். கதையே சொல்லி முடித்துவிட்டதை அவரும் ஒருமுறை சொல்ல வேண்டுமா? ஆனால் அந்தக் கோபத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' வேறு வகை. சினிமாக் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிற ஒரு மெலிந்த மனிதன், புலி முகமூடியை மாட்டிக்கொண்டதும் புலியாகவே ஆகிவிடுகிறான். முகமூடியைக் கழற்றினால் பசித்த மனிதன், கெஞ்சுகிற மனிதன். எது வேஷம், எது நிஜம்? வேஷத்தில்தான் அவனுடைய மானம் இருக்கிறது. ஆசிரியர் ஒரு வார்த்தை உரத்துப் பேசுவதில்லை. தோற்றமெல்லாம் பொய், உள்ளே இருப்பதெல்லாம் மெய் என்று சுலபமாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். கரையாம்புத்தூர் வீட்டு முகப்பிலும் ஒரு தகப்பனின் மானம் இருக்கிறதல்லவா?

இன்னொரு வகைக் கதையும் இப்போது பெருகியிருக்கிறது. நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில், செங்கல் தெரியும்படி விட்ட சுவரையே அலங்காரமாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல ஏழ்மையையும் அழுக்கையும் முகப்பாக நிறுத்திக் கட்டுகிற கதைகள் அவை. அங்கே பணக்காரனெல்லாம் போலி, குடிசைக்காரனெல்லாம் சத்தியசந்தன். அதுவும் வர்ணந்தான், செங்கல் நிறத்து வர்ணம்!

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடலாமா? அந்த வீட்டுக்காரர் என் நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் படித்தவராம்.

"எங்க பக்கத்த ஜோரா எழுதியிருந்தீங்க சார். ஏரி, வயலு, பெண்ணையாறு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "ஆறு வூட்டுக்குள்ள வந்தா எப்படி இருக்கும்னுதான் அதுல இல்ல" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். பத்திரிகை மதிப்புரை எதுவும் என்னை இப்படித் தைத்ததில்லை. வாசலில் நின்று எழுதியிருக்கிறேன் என்பதை, வாசலுக்கு வர்ணம் பூசிய மனிதரே சொல்லிவிட்டார்.

புறப்படும்போது, "சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம் சார்" என்றார். அவருடைய மகள் போனைப் பிடித்தாள். மூன்று வர்ண முகப்புக்கு முன்னால்தான் நின்றோம். சந்தில் போய் நிற்கலாமே என்று என் மனசில் பட்டது. சொல்லத் தைரியம் வரவில்லை; சொல்வது மரியாதையாகவும் இராது. படம் நன்றாக வந்திருக்கிறது. அதில் இல்லாத சுவரைத்தான் இனி எழுத வேண்டும்.